பானைச் சில்லில் ஒரு பெயர்

கேள்வி: பழைய ஏதென்ஸில் ஊழல் செய்த தலைவர்களை மக்களே பானை ஓட்டில் பெயர் எழுதிப் போட்டு 10 வருடம் நாடு கடத்தினார்களாமே! உண்மையான ஜனநாயகம் அதுதானே?

பதில்: ஊழல் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டெடுப்பில் யார் மேலும் குற்றச்சாட்டே கிடையாது. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் இல்லை. தப்பு செய்தவர்களை விசாரிக்க ஏதென்ஸில் தனியே நீதிமன்றங்கள் இருந்தன. கி.மு. 510இல்தான் ஒரு சர்வாதிகாரக் குடும்பத்தை விரட்டியிருந்தார்கள், இன்னொருவன் கை அப்படி ஓங்கிவிடக் கூடாது என்ற பயம் இருந்தது, அதற்காக வந்த ஏற்பாடு இது.

வருடத்துக்கு ஒருமுறை, ஓட்டெடுப்பு வேண்டுமா என்று சபையில் கேட்பார்கள். வேண்டும் என்றால் சுமார் இரண்டு மாதம் கழித்துச் சந்தைவெளியில் அடைப்பு கட்டி, உடைந்த பானைச் சில்லில் பெயரைக் கீறிப் போடுவார்கள். 6000 சில்லாவது விழ வேண்டும். அதிகம் பேர் எழுதிய ஆள் 10 நாளில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் அவருடைய வீடு, நிலம், குடியுரிமை எதிலும் கை வைக்க மாட்டார்கள். தலையை வாங்காமல், சொத்தைப் பிடுங்காமல் அரசியல் எதிரியை ஒதுக்கி வைக்க ஒரு வழி கண்டார்களே, அதற்காக எனக்கு அவர்கள் மேல் நிஜமாகவே மரியாதை உண்டு.

சரி, மக்களே என்கிறீர்கள். ஓட்டு ஆண் குடிமக்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. அந்த ஆண்களும் தாமாக யோசித்துத்தான் எழுதினார்களா? 1930களில் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது 190 சில்லுகள் கிடைத்தன. பல சில்லுகள் மது அருந்தும் கிண்ணத்தின் வட்டமான அடிப்பாகம், கைக்கு அடக்கமானவை. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டாக்ளிஸ். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், இத்தனையையும் எழுதியது 14 பேர்தான் என்றார்கள். யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதி, வருகிறவர்கள் கையில் கொடுக்கத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகர்களைத் தோற்கடிக்க வழி செய்த மனிதர் அவர்! சுமார் கி.மு. 471இல் அவரையே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அதே பாரசீகர்களின் அரசரிடம் அடைக்கலம் புகுந்து அங்கேயே செத்தார்.

அரிஸ்டைடிஸ் என்ற இன்னொரு ஏதென்ஸ் தலைவரின் கதையையும் படித்துப் பாருங்கள். 500 வருடத்துக்கும் மேல் கழித்து புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியது, அப்படியே நடந்ததா என்பது வேறு. எழுதத் தெரியாத ஒருவன், அவர்தான் அரிஸ்டைடிஸ் என்று தெரியாமல், சில்லை அவரிடமே நீட்டி அந்தப் பெயரை எழுதச் சொல்கிறான். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்கிறார். ஒன்றுமில்லை, எங்கே போனாலும் ‘நீதிமான்’ ‘நீதிமான்’ என்று கேட்டு அலுத்துவிட்டது என்கிறான். அவர் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார். கி.மு. 482இல் போனவரை, இரண்டே வருடத்தில் பாரசீகப் படை வாசலுக்கு வந்ததும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முறை ஒழிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சுமார் கி.மு. 416இல் அல்சிபியாடிஸ், நிசியாஸ் என்ற போட்டித் தலைவர்கள் இருவரில் ஒருவர் போயாக வேண்டிய நிலை. இருவரும் ரகசியமாகக் கைகோத்து, தங்கள் ஆட்களை ஹைபர்போலஸ் என்ற மூன்றாவது ஆளின் பெயரை எழுத வைத்தார்கள். அவர் போனார், இவர்கள் இருவரும் ஊரிலேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு ஏதென்ஸ்காரர்கள் யாரையும் அப்படி அனுப்பவே இல்லை.