லேப் ரிசல்ட்டில் குளிருக்கும் பங்கு உண்டு

ஆய்வுக்கூடம்: கேள்வி – பதில்
(நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவ ஆய்வுக்கூடத் துறையினர் பதில் தருகிறார்கள்.)

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 12.9. ‘12 முதல் 15 வரை நார்மல்’ என்று ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கிறது. டாக்டர் ரத்தசோகை என்று மாத்திரை எழுதுகிறார். தப்பு யார் பக்கம்?
– வாசகி, உதகை

பதில்: யார் பக்கமும் தப்பில்லை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோர ஊர்களில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் குறையும். சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டி ஈடுகட்டும். ஆக, மலையிலேயே குடியிருப்பவருக்கு ஹீமோகுளோபின் சற்று ஏறித்தான் இருக்க வேண்டும். ஏறாமல் சமவெளிக்காரர் அளவிலேயே நின்றுவிட்டால், உடம்பில் ஏதோ போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது இரும்புச்சத்து.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் திருத்திய கணக்குப்படி 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1, 2,000 முதல் 2,499 வரை 1.4 என்று உயரத்துக்காக ஹீமோகுளோபின் அளவில் கழிக்க வேண்டும். உங்கள் 12.9-ல் 1.4 போனால் 11.5. கர்ப்பமில்லாத பெண்களுக்கு எல்லை 12 என்பதால் இது லேசான ரத்தசோகை. இதே 12.9 உயரம் குறைந்த கூடலூரில், 0.8 மட்டும் கழிபடும் ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் 12.1 என்று தப்பித்திருப்பார். கோடை சீசனுக்கு மூன்று நாள் வந்து தங்குகிறவருக்கு இந்தக் கழித்தல் கிடையாது. சிவப்பணு பெருக வாரக்கணக்கில் ஆகும்.

லேப்காரர்களே கழித்து அச்சிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். லேப் அளந்ததை அளந்தபடியே தர வேண்டும். அங்கே ஒரு முறை, டாக்டர் மேஜையில் ஒரு முறை என்று இரண்டு தடவை கழித்துவிட்டால் நல்ல உடம்புக்காரரும் நோயாளியாகிவிடுவார். ரிப்போர்ட்டின் அடியில் ‘உயரத்துக்கான திருத்தம் செய்யப்படவில்லை’ என்று ஒரு வரி போட்டால் போதும். உங்களுக்கு அடுத்து பார்க்க வேண்டியது ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு. காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால், அவை இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தேறியிருக்கிறாள். டவுனில் ஒரு நிலையத்தில் ‘ஒரே வருடத்தில் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ), ஞாயிறு மட்டும் வகுப்பு’ என்கிறார்கள். நான்கு வருடம் பி.எஸ்சி. படிக்க வைப்பதா, இதில் சேர்ப்பதா?
– தேயிலை விவசாயி, கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி

பதில்: ஞாயிறு வகுப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 52 ஞாயிறு, நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 312 மணி. துணை மருத்துவத் துறையினருக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம், டிப்ளமோவானாலும் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல்நிலையில் உள்ள பட்டத் தகுதிக்கு 3,600 மணி. 312 எங்கே, 2,000 எங்கே!

ஓராண்டு என்பதாலேயே எல்லாம் போலி என்று தள்ளிவிட வேண்டாம். அரசு மருத்துவ நிறுவனங்களில் சி.எம்.எல்.டி. என்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு நடந்து வந்திருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆய்வக நுட்புநர் நிலை மூன்று பணிக்கு அதைத் தகுதியாகக் கேட்டிருக்கிறது. நிலை இரண்டுக்கு இரண்டாண்டு டி.எம்.எல்.டி. ஒரே வருடத்தில் முடியும் ஒன்றுக்கு ‘டி.எம்.எல்.டி.’ என்று பெயர் சூட்டுவதில்தான் வில்லங்கம். பி.எஸ்சி. என்றால் மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிதானா என்று பல்கலைக்கழகப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் பி.எஸ்சி.தான் எங்கள் வாக்கு. இல்லாவிட்டால் அரசுக் கல்லூரியின் இரண்டாண்டு டிப்ளமோ. அது ஒன்றும் குறைந்த சரக்கில்லை.

சேரும் முன் நிலையத்தாரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். செய்முறை எந்த ஆஸ்பத்திரியில், அங்கே ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது, நுண்ணுயிரியல் பிரிவும் ரத்த வங்கியும் அங்கேயே உண்டா, சான்றிதழில் யார் பெயர் இருக்கும். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம். கை பழக சாம்பிள் வேண்டும்; கரும்பலகையில் படம் போட்டு ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுக்க முடியாது.

முறையாகப் படித்தவருக்கும் பொத்தான் அழுத்த மட்டும் தெரிந்தவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு சாம்பிளை எடுத்துக்கொள்வோம். ஜனவரி காலை, உதகை. ரத்த அணுக்களை எண்ணும் கவுன்டர் கருவி ஹீமோகுளோபின் 12, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம்) 27 என்று காட்டுகிறது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. வர வேண்டும், 36 இருக்க வேண்டிய இடத்தில் 27. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவு என்று சொல்லும் எம்.சி.எச்.சி. 44-ஐத் தாண்டுகிறது. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்கவே முடியாது. குளிரில் சிலருடைய சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், கருவி ஒரு கொத்தை ஒரே அணுவாக எண்ணிவிடும். படித்தவர் குழாயை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறுவதற்குள் மறுபடி ஓட்டுவார்; ஸ்லைடும் போட்டுப் பார்ப்பார். மற்றவர் ‘கருவி சொல்லிவிட்டது’ என்று அச்சடித்துக் கொடுப்பார்.

தினமும் காலையில் நோயாளி சாம்பிளுக்கு முன் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டி வரைபடத்தில் புள்ளி வைக்கும் பழக்கமும் அப்படித்தான். புள்ளி சராசரியிலிருந்து மூன்று எஸ்.டி.க்கு (திட்ட விலக்கத்துக்கு) வெளியே போனாலோ, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் இரண்டு எஸ்.டி.யைத் தாண்டினாலோ ரிசல்ட்டை நிறுத்த வேண்டும். பத்து புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கமாக நின்றால் கருவியின் பல்ப் மங்குகிறது அல்லது ரீஏஜென்ட் (சோதனைக் கரைசல்) கெடுகிறது. எல்லைக்குள் வரும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லேபில் உங்கள் மகளைப் பயிற்சிக்கு விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து கோயம்புத்தூருக்கு சாம்பிள் போகிறது. டிசம்பர், ஜனவரியில் பலருக்குப் பொட்டாசியம் 5.8, 6 என்று கூடுதலாக வருகிறது. சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) சிவக்கவில்லை. மறுபடி எடுத்தால் நார்மல். ஏன்?
– லேப் டெக்னீஷியன், உதகை

பதில்: சீரம் சிவக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. அணு உடைந்து கசிந்திருந்தால் ஹீமோகுளோபினும் வெளியே வந்து சீரம் சிவந்திருக்கும். இங்கே அணு உடையவில்லை. சிவப்பணுவின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று உண்டு. குளிரில் அது படுத்துவிடும்; பொட்டாசியம் சத்தமில்லாமல் வெளியே வழியும். பிரிக்காத ரத்தம் ஐஸ் பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் மலை இறங்கினால் இது போதும். குளிர்காலத்தில் இந்தக் கசிவுக்கு ஐஸ் பெட்டிகூடத் தேவையில்லை, ராத்திரி ஜன்னலோரம் ரேக்கில் விட்டாலே நடந்துவிடும்.

மருந்து எளிது. மஞ்சள் மூடி ஜெல் குழாயில் எடுத்து, ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து, நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கள். அரை மணி நேரம் என்று புத்தகம் சொல்லும். அறை 12 டிகிரியில் இருந்தால் உறையக் கூடுதல் நேரம் பிடிக்கும். சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் கருவியில் அவசரப்பட்டுச் சுற்றினால் சீரத்தில் நூல்நூலாக ஃபைப்ரின் மிதந்து கருவியின் ஊசியை அடைக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் உதகையிலேயே சென்ட்ரிஃப்யூஜ் செய்து, ஜெல் நடுவில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு குளிர்ப்பெட்டியில் அனுப்புங்கள். கோவையில் இறங்கிய ஜெல் குழாயை இன்னொரு முறை சுற்ற வேண்டாம் என்று அங்கே சொல்லிவையுங்கள். ஜெல்லுக்கு அடியில் தேங்கிய பொட்டாசியம் மேலே ஏறிவிடும். சர்க்கரைக்கு எடுத்தது சாம்பல் மூடிக் குழாயில்தானே? சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும்.

குளிரில் நரம்பு கிடைக்கவில்லை என்று ‘கையை மூடி மூடித் திற’ என்கிறோமே, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் நரம்பு எழும்பும்.

கேள்வி: எங்கள் ஆட்டோக்ளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) அழுத்தம் 15 பிஎஸ்ஐ சரியாக வருகிறது, டேப்பும் கருக்கிறது. ஆனால் சோதனைக்கு உள்ளே வைக்கும் ஸ்போர் (கிருமி வித்து) வயல் மூன்று தடவையாக மஞ்சளாகிவிட்டது, அதாவது கிருமி சாகவில்லை. கருவியை மாற்ற வேண்டுமா?
– நர்சிங் ஹோம் லேப், உதகை

பதில்: மாற்ற வேண்டாம். அழுத்தமானி வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ, அதோடு 15 சேர்ந்தால் நீராவி 121 டிகிரி. உதகையில் வெளிக்காற்று சுமார் 11.2. அதோடு 15 சேர்ந்தால் நீராவி 117 டிகிரியில் நின்றுவிடுகிறது. நான்கு டிகிரிதானே என்று விட முடியாது: பத்து டிகிரி குறைந்தால் ஸ்போரைக் கொல்லும் நேரம் பத்து மடங்காகும். அந்தக் கணக்கில் 121-ல் 15 நிமிடம் என்பது 117-ல் ஏறக்குறைய 38 நிமிடம்.

உங்களுக்குத் தேவை மானியில் 18.5 பிஎஸ்ஐ. ஆயிரம் அடிக்கு அரை பிஎஸ்ஐ என்று நினைவில் வைக்கலாம். ஆனால் சேஃப்டி வால்வை நீங்களே திருகாதீர்கள்; பாத்திரம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி, சர்வீஸ் ஆளை வைத்து மாற்றுங்கள். தாங்காது என்றால் நேரத்தைக் கூட்டி, ஸ்போர் வயல் தேறும் நேரத்தை நிலையாக்குங்கள். மருத்துவக் கழிவுக்கு விதி 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ, குறைந்தது 60 நிமிடம் என்கிறது. அந்த வெப்பமும் அந்த அழுத்தமும் கடல் மட்டத்தில்தான் கைகோக்கும். கிருமியைக் கொல்வது வெப்பம், முள் காட்டும் எண் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மூடியதும் வென்ட்டை அடைத்துவிடுகிறீர்களா? நீராவி சீராகப் பாய்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகே அடைக்க வேண்டும். உள்ளே தங்கிய காற்றும் அழுத்தம் காட்டும், வெப்பம் தராது. டேப் கருப்பது ‘சூடு பட்டது’ என்பதற்கு மட்டும் சாட்சி. வயலைச் சுமையின் நடுவில் வையுங்கள், ஆட்டோக்ளேவில் போடாத ஒன்றையும் கூடவே இன்குபேட் செய்யுங்கள். அது மஞ்சளாகாவிட்டால் சோதனையே செல்லாது.

கூடவே ஒன்று: உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனைக்குக் கொதிநீரில் ஐந்து நிமிடம் என்று படித்ததை இங்கே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள்.

கேள்வி: முகாமில் ஒருவருக்கு சிக்கில் செல் (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) ‘பாசிட்டிவ்’ வந்தது, வீடே இடிந்துபோனது. அவருடைய நான்கு மாதக் குழந்தைக்கு ‘நெகட்டிவ்’. இரண்டையும் நம்பலாமா?
– சுகாதாரத் தன்னார்வலர், கூடலூர்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் முடிவாக எடுக்க முடியாது. முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. 2 மி.லி. கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் பிடித்த கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது. கலங்கி, கோடு மறைந்தால் எஸ் வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டும் தெரியும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ‘டிரெய்ட்’ ஆசாமியா, இருவரிடமிருந்தும் வந்த நோயாளியா என்று அது சொல்லாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனை முடிவு வந்த பிறகுதான் சொல்ல முடியும். டிரெய்ட் என்றால் பொதுவாக உடம்புக்கு ஒன்றும் செய்யாது. திருமணப் பேச்சின்போது தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. இதை முகாம் மேஜையிலேயே, அவர்கள் மொழியில், தனியாக உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் சோதனை ஏமாற்றும். எச்.பி.எல்.சி.க்கு அனுப்புங்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கோடு மறையாமல் போகலாம். அவர்களுக்கு ரத்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கரைசலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள்.

சிக்கில் செல் இந்தியாவில் உண்டு என்று 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதியது நம் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பார்த்துத்தான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கில் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களைச் சோதிக்கச் சொல்கிறது.

கேள்வி: ஒரே குத்தில் நாலு குழாய் ரத்தம் எடுக்கிறார்களே, அவ்வளவு தேவையா?
– வாசகர், குன்னூர்

பதில்: நாலும் சேர்ந்து 12 மி.லி. அளவு, இரண்டரை டீஸ்பூன். ஒவ்வொரு குழாயிலும் வேறு மருந்து. மூடியின் நிறப்படி நீலம் முதலில், பிறகு மஞ்சள், ஊதா, சாம்பல். மஞ்சளுக்கு முன் ஊதாவை எடுத்துவிட்டால் அதிலுள்ள பொட்டாசிய உப்பு மஞ்சளுக்குத் தாவி, பொட்டாசியம் ஏறி கால்சியம் இறங்கிவிடும். நீலத்தில் கோடு வரை நிரம்ப வேண்டும்: ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு ரத்தம்.

கேள்வி: பயிற்சியில் இருக்கிறேன். பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?
– மாணவி, உதகை

பதில்: பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எந்த நோயாளியின் ஊசி என்று குறித்துக்கொண்டு உடனே பொறுப்பு டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றில் முப்பது வரை போகும். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே உங்கள் லேபிலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.