ராஸ்பெரி பை என்ற சின்னப் போர்டு கணினியில் வைஃபை மந்தமா? கேள்வி பதில்

கே: வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர். பை 3பி-யில் மட்டும் 35-ஐத் தாண்டவில்லை. போர்டு போய்விட்டதா சார்?

ப: போகவில்லை. 2016-இல் வந்த அந்தப் போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். அதற்கு 35 நல்ல வேகமே. 5 கிகாஹெர்ட்ஸ் வந்தது 2018-இன் 3பி பிளஸ்ஸில். ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ இரண்டிலும் இல்லை. வேகம் வேண்டுமென்றால் லேன் கேபிளைச் செருகுங்கள்.

கே: பை 4-இல் டவுன்லோடு வேகம் சரி. எஸ்எஸ்ஹெச்-இல் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பைக்குக் கட்டளை அடிக்கும் வழி) டைப் செய்தால் எழுத்து திக்கித் திக்கி வருகிறது.

ப: வைஃபையின் மின்சேமிப்பு, அதாவது பவர் சேவ், செய்யும் வேலை. வேலை இல்லாத நேரத்தில் வைஃபை சிப் தூங்கிவிடும். உங்களுக்கு வரும் பாக்கெட்டை ரவுட்டர் பிடித்து வைத்திருந்து, அடுத்த பீக்கனில்தான் (ரவுட்டர் சீராக அனுப்பும் அறிவிப்பு) சொல்லும். பீக்கன் வழக்கமாக நொடிக்குப் பத்து. பெரிய ஃபைல் இறங்கும்போது சிப் விழித்தே இருப்பதால் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக அடிக்கும்போது தெரியும். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிரலின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 என்று வையுங்கள். 2 என்றால் அணை. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க் மேனேஜர்தான், பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கே: மொபைல் சார்ஜரில்தான் ஓட்டுகிறேன், அடிக்கடி ஸ்லோ.

ப: முதலில் அந்தச் சார்ஜரைக் கழற்றுங்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும், செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யாமல் வைஃபையைத் திட்டிப் பயனில்லை.

கே: எஸ்எஸ்டி மாட்டியதும் பை 4-இல் 2.4 வைஃபை படுத்துவிட்டது.

ப: நீல யுஎஸ்பி 3 போர்ட்டா? அதன் இரைச்சல் 2.4 அலைவரிசையில் விழும். நீளமான, நல்ல ஷீல்டு உள்ள கேபிள் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் 5-க்கு மாறுங்கள்.

இன்னொருவர்: கட்டுக்கதை அண்ணா. யுஎஸ்பி 3 ஓடுவது 5 கிகாபிட்டில். 2.4-க்கு எப்படி வரும்?

ப: 5 கிகாபிட் ஓட்டத்தின் சக்தி ஒரே புள்ளியில் நிற்காது தம்பி, கீழே முழுக்கப் பரவும். இன்டெல்லே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. வைஃபையில் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு எஸ்எஸ்டிக்குப் பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்யுங்கள். பிறகு கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

அவரே: பார்த்தேன். கறுப்பில் சரியாக இருக்கிறது. ஆனால் தப்பு மட்டமான கேபிளுடையது, யுஎஸ்பி 3-உடையது இல்லை.

ப: மட்டமான கேபிளிலிருந்து கசிவது எதுவாம்? அதே கேபிள் கறுப்பில் ஏன் சும்மா இருந்தது?

கே: ஜீரோ 2 டபிள்யூ-வில் 5ஜி (5 கிகாஹெர்ட்ஸ்) வைஃபை பெயர் தெரியவில்லை.

ப: முதல் பதில்.

கே: பை 3பி-யிலும்...

ப: முதல் பதில்! மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: நல்ல ரவுட்டர் எது?

ப: என் ஏரியா இல்லை.

கே: பை 4, ஒரிஜினல் அடாப்டர், மேலே எல்லாம் படித்தேன். 5ஜி தெரியவில்லை.

ப: படித்ததற்கு நன்றி. ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் வைஃபை நாட்டை இந்தியா என்று வைத்து ரீபூட் செய்யுங்கள். நாடு சொல்லாதவரை 5-இன் சேனல்கள் திறக்காது.