பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை 6 மணி விமானம்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கேட்டிருப்பது இதுதான்: வீடு எலக்ட்ரானிக் சிட்டி. காலை 6 மணி வாக்கில் தூத்துக்குடிக்குக் கிளம்பும் மலிவு விலை விமானம். ஒரு செக்-இன் பெட்டி உண்டு. "சின்ன ஊருக்குப் போகிற சின்ன விமானம்தானே, ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதாதா?"

போதாது. விமானம் சின்னதுதான், ஆனால் பாதுகாப்புச் சோதனையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் டெல்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறவர்கள். தூத்துக்குடிக்காரருக்கு என்று தனி வரிசை கிடையாது.

முதலில் அந்த 6 மணியைப் பார்ப்போம். டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம். நாம் பார்க்க வேண்டிய கடிகாரம் வேறு. இண்டிகோவில் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் 60 நிமிடம் முன்பு மூடும். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு. அதாவது 5:00 மணிக்குப் பெட்டி உள்ளே போயிருக்க வேண்டும், 5:35-க்கு நீங்கள் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற சிறிய ரக விமானம், இண்டிகோவில் 78 இருக்கை. தரையோடு தாழ்ந்து நிற்கும் விமானம் என்பதால் ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடக்கும் கூண்டுப்பாலம்) பொருந்தாது; பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் விடுவார்கள். பேருந்து கேட்டுகள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். பாதுகாப்புச் சோதனை முடிந்த இடத்திலிருந்து அங்கே இறங்கிப் போகவே சில நிமிடம் பிடிக்கும். காபிக் கடையில் வரிசை நின்றுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது, அந்த நேரத்தில் ஏன் அவ்வளவு கூட்டம். மலிவு விமான நிறுவனத்துக்கு விமானம் பறக்கும்போதுதான் வருமானம். ஒரே விமானத்தை விடியற்காலையில் தொடங்கி இரவு வரை நாலைந்து ஊருக்கு மேல் ஓட்டுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் இறக்கி ஏற்ற அரை மணி நேரம்தான். இரவு பெங்களூரில் நிறுத்திவைத்த விமானங்கள் எல்லாம் அதனால் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 5 மணியிலிருந்து 7 மணிக்குள், கிளம்பும். ஏர்பஸ் ஏ320 என்றால் 180 பேர், ஏ321 என்றால் 220-க்கு மேல். அத்தனை பேரும் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் ஒரே கூடத்துக்குள் வந்து சேர்கிறார்கள். திங்கள்கிழமை காலையில் அலுவலகப் பையோடு வருகிறவர்கள் வேறு. அதே கூடம் முற்பகல் 11 மணிக்குப் போனால் காற்றாடும். ஆகவே "பெங்களூரில் செக்யூரிட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எத்தனை மணிக்கு என்று சொன்னால்தான் சொல்ல முடியும். விடியற்காலைக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். 15 நிமிடத்தில் முடிந்தால் லாபம்.

உங்கள் கணக்கு இப்படி வரும்: 5:35 கேட். 4:45-க்குள் பாதுகாப்புச் சோதனை வரிசையில். பெட்டி போடும் வரிசைக்கு 20 முதல் 25 நிமிடம். நுழைவாயில் அடையாளச் சோதனைக்குப் 10 நிமிடம். ஆக, 4:00 மணிக்கு வாசலில் இறங்க வேண்டும், மிஞ்சிப்போனால் 4:10. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 50 கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் சாலை காலியாக இருந்தாலும் ஒன்றே கால் மணி நேரம் ஆகும். காருக்குக் காத்திருப்பது, ஓட்டுநர் ரத்து செய்வது எல்லாம் சேர்த்து 2:30-க்கு வீட்டை விட்டு இறங்குங்கள். கைப்பை மட்டும்தான், இணையத்தில் செக்-இன் முடித்தாயிற்று என்றால் 3:00 மணி போதும். இரவில் ஓட்டுநர் கிடைப்பதை நம்பிக் கடைசி நிமிடம் கார் தேடுவதைவிட முந்தைய மாலையே நேரம் குறித்துப் பதிவு செய்வது நல்லது. அதையும் முழுக்க நம்பாமல் விமான நிலையத்துக்கு ஓடும் பிஎம்டிசி வாயு வஜ்ரா பேருந்தின் நேரத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு கேஐஏ-8, மெஜஸ்டிக்கிலிருந்து என்றால் கேஐஏ-9. மாலை விமானம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசல் சேர்ந்தே இரண்டரை மணி நேரத்தை விழுங்கிவிடும். கிழக்குப் பக்கம், ஒயிட்ஃபீல்டு கே.ஆர்.புரம் ஆட்களுக்கு ஹென்னூர், பாகலூர் வழி உண்டு. அதில் ஹெப்பாளும் இல்லை, சுங்கமும் இல்லை. உங்களுக்கு அது சுற்று.

எந்த டெர்மினல் என்பதை ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லுங்கள். இண்டிகோ, ஆகாசா உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1-லிருந்தும், ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் டெர்மினல் 2-லிருந்தும் கிளம்புவது இப்போதைய வழக்கம். வெளிநாட்டு விமானங்கள் எல்லாமே 2023 செப்டம்பரிலிருந்து டெர்மினல் 2. இந்த ஏற்பாடு மாறக்கூடியது என்பதால் போர்டிங் பாஸில் அச்சிட்டிருப்பதே இறுதி. தவறான வாசலில் இறங்கிவிட்டால் இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து உண்டு. கால் மணி நேரம் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜி யாத்ரா பற்றி. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூர், வாராணசி மூன்றிலும் தொடங்கிய முகம் பார்த்து அனுமதிக்கும் முறை. இது நுழைவாயிலிலும், பாதுகாப்புச் சோதனைக் கூடத்தின் முகப்பிலும் நேரத்தை மிச்சப்படுத்தும். தட்டும் ஸ்கேனரும் எல்லோருக்கும் ஒன்றுதான். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். ஆதாரில் "முருகன் எஸ்" என்று இருக்கும். டிக்கெட் எடுக்கும் தளம் குடும்பப் பெயரைக் கேட்கும், ஓர் எழுத்தை ஏற்காது. உடனே "முருகன் முருகன்" என்று போட்டுவிடுவோம், இல்லையென்றால் அப்பா பெயரை முழுதாக எழுதுவோம். நுழைவாயிலில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலர் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துப் பழகியவர், பெரும்பாலும் விட்டுவிடுவார். கணினிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. செயலி ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு போர்டிங் பாஸோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் ஏற்க மறுக்கும். முந்தைய இரவே போர்டிங் பாஸை ஏற்றிப் பாருங்கள். மறுத்தால் மல்லுக்கட்டாமல் சாதாரண வரிசைக்கான நேரத்தோடு கிளம்புங்கள். அடையாளத்துக்கு டிஜிலாக்கரிலோ எம்-ஆதாரிலோ உள்ள ஆதார் செல்லும். ஜெராக்ஸும் கேலரியில் கிடக்கும் புகைப்படமும் செல்லாது.

இனி தட்டு. வரிசை நகராமல் நிற்பதற்கு ஆள் குறைவு மட்டும் காரணமில்லை. தட்டருகே வந்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்றத் தொடங்குகிறார்கள் பலர். வரிசையில் நிற்கும்போதே பர்ஸ், சாவி, சில்லறை, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். லேப்டாப், டேப்லெட், பவர் பேங்க், சார்ஜர் மேலாகக் கையில் வருமாறு அடுக்கியிருந்தால் பத்து நொடி வேலை. புதிய ரக ஸ்கேனர் உள்ள தடத்தில் எடுக்க வேண்டாம் என்று அங்கேயே சொல்வார்கள். சொல்லாவிட்டால் எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது முதல் ஸ்கேன் அல்ல. பை தனியே ஒதுக்கப்பட்டு, திறந்து பார்ப்பதற்காகக் காத்திருக்கும் இடம்தான். உங்களுக்கு முன்னால் ஆறு பை கிடந்தால் கால் மணி நேரம். ஒதுக்கப்படுவதற்கான பொருட்கள் நம் வீட்டுப் பைகளில் தாராளமாகக் கிடக்கும்: எவர்சில்வர் சம்புடம், குத்துவிளக்கு, சுருட்டிப் போட்ட ஒயர் கொத்து, குடை, உண்டியல் சில்லறை. பாக்குவெட்டியும் கத்தரிக்கோலும் ஸ்க்ரூடிரைவரும் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

குடும்பமாகப் போனால் பெண்களுக்குத் தடவிச் சோதிப்பது தனித் தடுப்புக்குள். ஆண்கள் முதலில் வெளியே வந்துவிடுவார்கள், பெண்களின் தட்டு நாதியில்லாமல் கிடக்கும். முன்னால் வருகிறவர் மொத்தத் தட்டுகளையும் எண்ணி எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் மாட்டும் சாமான்கள் வேறு உண்டு. கொப்பரை, சூடம், தீப்பெட்டி, லைட்டர் நான்கும் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து உள்ள கொப்பரையும் சூடமும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் காரணம். முழுத் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோவதற்கு, சபரிமலை சீசனில் இருமுடிக்கு மட்டும் சலுகை அறிவிப்பார்கள். குலசைக்கோ திருச்செந்தூருக்கோ போய்வந்த பிரசாதத் தேங்காய்க்கு அது பொருந்தாது, அங்கேயே உடைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய், நெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. அல்வாவும் மக்ரூனும் கைப்பையில் தாராளமாக வரலாம். பவர் பேங்க் மட்டும் நேர் எதிர்: கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட்-மணி. அதை மறந்து பெட்டிக்குள் போட்டுவிட்டால் பெட்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கைப்பை 7 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 115 சென்டிமீட்டர். செக்-இன் 15 கிலோ. பெட்டியே இல்லாத மலிவுக் கட்டணமும் விற்கிறார்கள், எடுக்கும்போது பார்த்து எடுங்கள். கூடுதல் எடையை முன்பே இணையத்தில் வாங்கினால் கவுன்ட்டரில் கொடுப்பதைவிடக் குறையும். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டியை விமானத்தின் அடியிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். கொடுக்கும் முன் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் மருந்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு துணிப்பை கையில் இருக்கட்டும். பயணிகள் கதவு ஏடிஆரில் பின்பக்கம். முன்வரிசைக்கு என்று கூடுதல் காசு கொடுத்து உட்கார்ந்தவர் கடைசியாக இறங்குவார்.

திரும்பி வருவது பற்றி. தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டினார்கள். இடம் தாராளம். ஆனால் சிறிய விமான நிலையத்தில் ஸ்கேனர் தடங்கள் குறைவு. சென்னை விமானமும் பெங்களூர் விமானமும் அடுத்தடுத்து இருந்தால் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் நெரியும், மற்ற நேரம் ஈ ஆடும். ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் சரி. அங்கே கவனிக்க வேண்டியது வரிசையை அல்ல, அட்டவணையை. மாலைக் கடைசி விமானம் என்றால் அது காலையிலிருந்து ஓடி ஓடிச் சேர்த்த தாமதம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும். சிறிய நிலையங்களுக்குப் பணி நேரம் என்று ஒன்று உண்டு. தாமதம் அதைத் தாண்டினால் விமானம் ரத்து, அடுத்தது மறுநாள்தான். திங்கள் காலை அலுவலகம் இருக்கிறவர் ஞாயிறு கடைசி விமானத்தை நம்பக் கூடாது, மதிய விமானத்தை எடுக்கலாம்.

அப்படியானால் நாளின் முதல் விமானமே பாதுகாப்பானதா? ஆண்டின் பெரும்பகுதி ஆம். இரவே வந்து நிற்கும் விமானம், தாமதம் சேர வழியில்லை. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மட்டும் யோசியுங்கள். தேவனஹள்ளி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். பின்னிரவில் இறங்கும் பனிமூட்டம் சில நாள் 8 மணி வரை விலகாது. தெற்கு ஓடுபாதையில் மூடுபனியில் இயங்குவதற்கான உயர்தரக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அதைப் பயன்படுத்த விமானமும் விமானியும் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்த மாதங்களில் 9, 10 மணி விமானம் இருந்தால் அதை எடுப்பேன். தூக்கமும் மிச்சம்.

கால அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. தீபாவளி, பொங்கலுக்கு முன்கூட்டியே எடுத்த டிக்கெட்டின் நேரம் மாறுவது இதனால்தான். குறுஞ்செய்தி வரும் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்; முகவர் வழியாக எடுத்தால் அவர் எண்ணுக்குத்தான் போகும்.

தாமதமானால், ரத்தானால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், இந்தத் தூரத்துக்கு, சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களுடையது. முன்னறிவிப்பே இல்லாமல் ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. பனிமூட்டம், புயல் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது, பணம் மட்டும் திரும்பும். கவுன்ட்டரில் "கிரெடிட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று முதலில் சொல்வார்கள். பணமாகவே வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பின்னூட்டத்தில் சேலத்துக்கும் இதே கணக்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். சேலம் பெங்களூரிலிருந்து சாலையில் 200 கிலோமீட்டர். நீங்கள் தேவனஹள்ளியில் பெட்டியைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்கும் நேரத்தில் பேருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டியிருக்கும்.