பழைய கொம்பியூட்டரைக் கழற்றாமல் அப்படியே இரும்புக்காரரிடம் குடுத்தால் என்ன?

குடுக்கலாம், ஃபைலெல்லாம் சேமிக்கிற ஹாட் டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டு.

ஃபைலை அழித்தால் மட்டும் போதாது, அது எங்கே கிடக்குது என்ற குறிப்புத்தான் போகும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை ஃபைல் உள்ளேயே கிடக்கும்: அடையாள அட்டைப் பிரதி, பேங்க் புத்தக ஸ்கேன், மகளின் சாமத்திய வீட்டுப் படம் எல்லாம்.

நான் கல்லடியில் தெரிந்தவர்களின் பெட்டிகளைக் கழற்றிக் குடுக்கிறனான். கடற்காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அசையும்.

டிஸ்க்கின் மூடியில் இருப்பது நட்சத்திரத் தலை ஆணி. பெரும்பாலும் டோர்க்ஸ் டி8 பிட் சரிவரும். எல்லாம் கழற்றியும் மூடி வராவிட்டால் நெம்பாதீங்க. லேபலை விரலால் அழுத்தித் தடவுங்க, ஒரு இடம் குழியும். அதுக்குக் கீழே இன்னொரு ஆணி ஒளிச்சிருக்கும். உள்ளே முகம் தெரியிற தட்டுகள். டெஸ்க்டொப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் அலுமினியம், குறட்டால் வளைக்கலாம். லெப்டொப் டிஸ்க்கில் கண்ணாடியாக இருக்கும். சாக்கில் சுற்றித்தான் தட்டவேணும், இல்லாட்டி கண்ணில் தெறிக்கும். ஓரத்தில் இருக்கிற காந்தத்தை எறியாதீங்க. விரல் மாட்டினால் கண்டிப்போகும், ஆனாலும் கீழே சிந்தின நட்டுப் பொறுக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் தட்டே இல்லை, கறுப்புச் சிப் ஒவ்வொன்றையும் உடைக்கவேணும்.

பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அடிக்கும். பழைய குண்டு மொனிட்டர் இன்னும் மோசம்: ஆயிரக்கணக்கில் வோல்ட், கண்ணாடியில் ஈயம். செம்புக்காக அதை உடைக்கிற ஆட்களிடம் போகவிடாமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் குடுங்க. மதர்போட் போன்ற சர்க்கிட் போட்டுகளையும் அவரிடமே குடுக்கலாம்.

மதர்போட்டில் செருகியிருக்கிற நினைவகத் துண்டான ரேமின் விளிம்பில் மினுங்குவது தங்கம்தான், ஆனால் பேருக்கொரு பூச்சு. அசிட்டில் கரைக்கிற வீடியோ பார்த்துவிட்டு மச்சான்மார் என்னட்ட பழைய ரேம் கேட்டு வாறாங்க. நான் குடுக்கிறதில்லை.

வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் மதர்போட்டில் இருக்கிற காசு மாதிரி வட்டமான சிஆர்2032 பற்றரியைக் கழற்றின கையோடு டேப் ஒட்டி உயரத்தில் வையுங்க. விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப்போடும். அப்படி நடந்தால் உடனே ஆசுபத்திரிதான். மிச்சத் தகரப் பெட்டியை இரும்புக்காரர் நிறுத்து எடுப்பார்.