பிரசவமாகி 7 வாரம், மகளின் அழுகை நிற்கவில்லை: என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சிசேரியன் ஆகி 7 வாரம் முடிந்துவிட்டது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தனியாக உட்கார்ந்து அழுகிறாள். குழந்தை தூங்கும்போதும் கண் மூடுவதில்லை. ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோன்னு பயமா இருக்கும்மா’ என்று நேற்று சொன்னாள். பச்சை உடம்புக்காரி, எதையோ பார்த்துப் பயந்திருப்பாள், மந்திரித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: இந்த வாரத்துக்குள் மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் காட்டுகின்றன. குணப்படுத்தக்கூடிய நோய் இது.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குவதும், தூக்கம் கெடுவதும் சேர்ந்து அப்படிச் செய்யும். அது 2 வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். 2 வாரம் தாண்டியும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற குற்ற உணர்வு நீடித்தால் அது மனச்சோர்வு. உங்கள் மகள் அந்த எல்லையைக் கடந்து 5 வாரம் ஆகிவிட்டது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான அடையாளம். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் கெடுவது சகஜம்தான். ஆனால் குழந்தை தூங்கி, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, உடம்பு அசந்து கிடந்தும் தூக்கம் வரவில்லை என்றால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, அவள் சொன்ன அந்தப் பயம். வீட்டில் எல்லோரும் பதறுவது இதற்குத்தான், தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். ‘அப்படி நினைப்பு வரும்போது உனக்கு எப்படி இருக்கு?’ என்று பதறாமல் கேளுங்கள். நினைப்பு வந்ததுமே நடுங்குகிறாள், அரிவாள்மனையைக் கண்டால் விலகிப் போகிறாள், குழந்தையைக் குளிப்பாட்டவே பயப்படுகிறாள் என்றால், அவள் விரும்பாமலேயே மனதில் வந்து விழும் எண்ணங்கள் அவை. மனச்சோர்வும் பதற்றமும் உள்ள தாய்மார்கள் பலருக்கு இப்படி வரும், அவர்கள் அதைச் செய்வது மிக மிக அரிது. குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்காதீர்கள். ‘பெத்த தாய் இப்படி நினைப்பாளா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதன் பிறகு எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

ஆனால் ‘இது என் குழந்தையே இல்லை’ என்கிறாள், யாரோ காதில் பேசுவதாகவோ கட்டளையிடுவதாகவோ சொல்கிறாள், தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிப் பரபரப்பாக இருக்கிறாள், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, ‘நானும் குழந்தையும் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது’ என்கிறாள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் புத்தி பேதலிப்பு வருவதுண்டு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில். இது எந்த வகை என்று வீட்டில் இருந்தபடி உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவர் பார்க்கும்வரை இரவும் பகலும் யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.

மந்திரிப்பதால் அவளுக்கு ஆறுதல் கிடைக்கும் என்றால் செய்துகொள்ளுங்கள். அதற்காக மருத்துவரைப் பார்ப்பது ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது. பட்டினி, புகை போடுவது, அடிப்பது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலைக் கொடுக்கலாம். கடந்த 7 நாளில் எப்படி இருந்தாள் என்று கேட்கும், மொத்த மதிப்பெண் 30. தமிழிலும் இருக்கிறது. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். கடைசிக் கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் குறைவாக இருந்தாலும் அதற்கு ‘ஆம்’ என்றால் தனியாகக் கவனிக்க வேண்டும். அவள் தனியாக இருந்து நிரப்பட்டும், பக்கத்தில் நீங்கள் இருந்தால்கூட உண்மையைச் சொல்லத் தயங்குவாள். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவதும் ரத்தசோகையும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும். குடும்பத்தில் யாருக்காவது மனஎழுச்சி நோய் (அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் ‘பைபோலார்’) இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடும்.

பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. அது பாலில் மிகச் சிறிதளவே சேரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழந்தை வழக்கத்தைவிட மந்தமாகவோ பால் குடிக்காமலோ இருந்தால் தெரிவியுங்கள். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். பல வீடுகளில் சிகிச்சை கெடுவது இந்த இடத்தில்தான்: பத்து நாளில் ‘ஒன்னும் தெரியலை’ என்று நிறுத்துகிறார்கள், அல்லது இரண்டு மாதத்தில் முகம் தெளிந்ததும் நிறுத்துகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், பிறகு மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரையும் எழுதியிருந்தால் குழந்தை அவள் பக்கத்தில் படுக்கக் கூடாது.

மருந்தோடு நீங்கள் இன்று இரவே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. 9.30 மணிக்குப் பால் கொடுத்ததும் அவளை, துணைக்கு ஒருவரை வைத்து, வேறு அறையில் படுக்க வையுங்கள். மாலையில் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பாலை வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடேற்றி, நள்ளிரவில் நீங்கள் பாலாடையால் கொடுங்கள். அடுத்த பாலுக்கு 2.30 மணிக்கு எழுப்பினால் போதும். மார்பு கனத்து முன்னதாகவே விழித்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் படுக்கட்டும். தொடர்ச்சியாக 4, 5 மணி நேரத் தூக்கம் மனச்சோர்வுக்காரிக்குப் பெரிய உதவி. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தால் உடனே விடுங்கள். பால் கொடுப்பவள் தாகம் தீரக் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்தும் கூடும். கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் அதற்கும் 108தான்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். போவதற்கு முன் பேச வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மூன்றாம் மாதம் அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள். சாஸ்திரத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வரட்டும். தங்குவது, அவள் தூங்கிச் சாப்பிட்டுக் குழந்தையோடு நாலு வார்த்தை பேச ஆரம்பித்து, மருத்துவரும் சரி என்ற பிறகு. அதற்கு முன் மருமகனை ஒருமுறை மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டால், ‘வீட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்’ என்ற பேச்சை அவரே அங்கே தடுப்பார். போகும்போது மருந்துச்சீட்டின் நகல், ஒரு மாத மாத்திரை, அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே அந்த வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.