மீன்தூள் சேர்க்காமல் சோயா, புண்ணாக்கு மட்டும் கொடுத்து புறொயிலர் வளர்க்கலாமா? கோழிக்கு வருத்தம் வராதா?

வளர்க்கலாம். ஆனால் நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், தீன் மூட்டையின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே கலக்கலாம் என்று வெளிக்கிட்டிருக்கிறீர்கள் போல. 2022இல் நானும் அப்படித்தான் வெளிக்கிட்டேன்.

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் 300 குஞ்சு போடுகிற சின்னக் கூடு என்னுடையது. டொலர் இல்லாமல் நாடே திண்டாடிய அந்த வருடம் கடைத்தீன் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அனுராதபுரப் பக்கமிருந்து சோயா அவரை எடுப்பித்து, பச்சையாகவே மில்லில் அரைத்து, சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கோடு கலந்து போட்டேன். சோயாவில் புரதம் இருக்கிறது, கோழிக்குப் புரதம் வேண்டும், கணக்கு சரிதானே என்று நினைப்பு.

குஞ்சுகள் நன்றாகத்தான் தின்றன. வளரவில்லை. எச்சம் தண்ணீராகப் போய், கீழே போட்ட உமி கொழுக்கட்டை மாவு மாதிரி கையில் உருண்டது. காலையில் கூட்டைத் திறந்தால் நெடியில் கண் எரியும். ஒரு குஞ்சைத் தூக்கிப் பார்த்தேன், பாதத்தில் கறுப்பாகப் பொருக்கு.

மிருக வைத்தியர் செத்த குஞ்சொன்றை வெட்டி, குடல் மடிப்புக்குள் கிடந்த கணையத்தைக் காட்டினார். வீங்கியிருந்தது. "பச்சைச் சோயாவா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்க வைக்கிற ட்ரிப்சினைத் தடுக்கிற பொருள் இருக்கிறதாம். கணையம் அதற்கு ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து வீங்கும், தின்ற புரதம் எச்சத்தோடு போகும். சூடு பட்டால் அந்தப் பொருள் செத்துவிடும். ஆலையில் வருகிற சோயாப் புண்ணாக்கு ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த தொகுதிக்கு, கடற்கரையில் கச்சான் வறுக்கிறவர் மாதிரி மணலில் போட்டு வறுத்து அரைத்தேன். கருக விடக்கூடாது, கோழி வளரத் தேவையான லைசின் என்கிற புரதக்கூறு கெட்டுவிடும். சோயாவில் மெதியோனின் என்கிற இன்னொரு புரதக்கூறு குறைவு, அதற்கு எள்ளுப் புண்ணாக்கும் கொஞ்சம் மெதியோனின் தூளும் சேர்த்தேன். தேங்காய்ப் புண்ணாக்கை மட்டும் நம்பாதீர்கள். குஞ்சுக்கு முதல் மூன்று கிழமையும் 22, 23 சதவீதம் புரதம் வேண்டும். அதில் இருப்பதே 20 சொச்சம்தான், நாரும் அதிகம்.

"மீன்தூள் இல்லாமல் கோழியா?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலையில் இருந்துகொண்டு மீனுக்கு எதிராகக் கதைக்க எனக்கு விசரா? நல்ல மீன்தூள் நல்லதுதான். என் கைக்கு மலிவாகக் கிடைத்தது கருவாட்டுக் கழிவு, அதில் பாதி உப்பு. கோழி குடம் குடமாகக் குடித்து உமியை நனைத்ததுதான் மிச்சம். நான் வைத்தியரும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த அந்தத் தொகுதியில் 40 கோழியை ஒரு கலியாண வீட்டுக்காரர் கடனாக எடுத்தார். அவருக்கு இப்போது பேரப்பிள்ளையும் பிறந்தாயிற்று, காசு வரவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் என்னைக் கண்டால், கோட்டைக்குள் நிற்கிற மான்களை அன்றுதான் புதிதாகக் கண்டவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். மானுக்கு வாய் இருந்தால் அதுவே கேட்டுவிடும்.

சரி, உங்கள் விஷயம். முதல் பத்து நாளும் கடைத்தீனே போடுங்கள். பிறகு உங்கள் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வறுத்த சோயாவில் நாலைந்தை நீங்களே கடித்துப் பாருங்கள். பச்சை அவரை வாடை அடித்தால் திரும்பச் சட்டியில் போடுங்கள்.