பெங்களூரில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தில் அம்மா பெயரையும் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் பழைய பத்திரத்திலேயே இன்னொரு பெயரை எழுதிச் சேர்க்க வழியில்லை. பிரிபடாத பாதிப் பங்கை அப்பா அம்மாவுக்குத் தான பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு அப்படித்தான் செய்தோம்.

"காத்தாவில் பேர் ஏத்திட்டா போதும், எதுக்கு வீண் செலவு" என்று ஒரு புரோக்கர் எங்களிடம் சொன்னார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். காத்தா மாநகராட்சியின் சொத்து வரிக்கணக்குதான், வீடு யாருடையது என்று பேசுவது பதிவான பத்திரம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி வீட்டைத் தானம் கொடுத்தால் பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகள் வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். குடும்பத்துக்குள் தானம் என்றால் விலைக்கு வாங்குவது போல சதவீதக் கணக்கு இல்லை, முத்திரைத் தீர்வை ஒரு நிலையான சிறு தொகைதான். மனைவிக்குக் கொடுப்பதால் அம்மாவுக்கு வருமான வரியும் வராது. ஆனால் வாடகை வந்தால் அம்மா பங்கு வாடகையும் அப்பா கணக்கில்தான் சேரும்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது இனிஷியல். ஆதாரில் அம்மாவுக்குத் தாத்தா இனிஷியல், பான் கார்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல் மட்டும். நம் வீடுகளில் கல்யாணமான பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும், அதனால் வக்கீலிடம் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். அப்புறம் ஈ-காத்தா, அதாவது காத்தாவின் மின்னணு வடிவம். அது இல்லாமல் இப்போது பெங்களூரில் பதிவு நடக்காது, அப்பா பெயரில் முதலில் எடுத்து வையுங்கள்.

பத்திரம் கன்னடத்தில் இருந்தது. அம்மா கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. வக்கீல் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "பாதி என்னுதுன்னு எந்த இடத்துல இருக்கு?" என்றார். வக்கீல் காட்டிய வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் கட்டாயம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அப்பாவிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள்: கொடுத்துவிட்டுப் பிறகு மனசு மாறினால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. அம்மாவுக்குப் பதிலாக உங்களுக்கு எழுதித் தர நினைத்தாலோ, பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. வீட்டின் மேல் லோன் இருந்தால் பேங்கின் சம்மதக் கடிதம் வாங்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

பதிவு முடிந்து சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, அம்மா பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதன் பிறகு காத்தாவையும் இருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.